ஆரோக்கியம் அக்காவின் படம் ஒட்டிய சோப்பு

ஆரோக்கியமேரி இறந்துபோன செய்தி எனக்குக் கம்பெனி லோகோவோடு வந்து சேர்ந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் சோப்பு யூனிட்டின் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் விழுந்தது. அக்காவின் முகம், பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி, கீழே “எங்கள் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்” என்று ஒரு வரி. மூலையில் ஆலிவ் இலை போட்ட லோகோ. அதற்கும் கீழே ஆர்டர் கொடுப்பதற்கான போன் நம்பர். “இன்னா லில்லாஹி” என்று வாய் தானாகச் சொன்னது. அடுத்து வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அவருடைய வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு உடனே போன் போட்டேன். “ஆமா பாய். விடிகாலையில உப்பு வாரப் போனா. மாரு வலிக்குதுன்னு வரப்புல உக்காந்தா. உக்காந்தவ எழுந்திரிக்கல” என்றார். பிறகு, “உங்களுக்கு யாரு சொன்னாங்க? பெருமுக்கல்ல இருக்கிற அவ தங்கச்சிக்கே இன்னும் நான் போன் பண்ணலியே” என்றார். கூடப் பிறந்தவளுக்குச் செய்தி போகும் முன்பே டிசைன் தயாராகிவிட்டது. சீ என்று இருந்தது எனக்கு.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூனிட்டில் அவரோடு நின்று சோப்பு ஊற்றியவர்கள், உப்பளத்தில் அவரோடு உப்பு வாரும் பலகை பிடித்தவர்கள், இடையஞ்சாவடிக் கடைகளில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும். எங்கள் முதலாளியும் என்னிடம் ஒரு அஞ்சலி கேட்டார். “சின்னதா, நூறு வார்த்தைக்குள்ள, படிச்சா கண்ணுல தண்ணி வரணும் பாய்” என்றார். சோப்பு உறையின் பின்பக்கம் அச்சடிக்க. அதை நான் எழுதவில்லை. உறையில் இடம் கொள்ளாத சங்கதிகளை இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினான்கு வருடம் வளைகுடாவில் மளிகைக் கடையில் நின்றவன். கடைக்கு வேண்டிய அரபி பேசுவேன். ஊர் திரும்பியபின் இந்த யூனிட்டில் சேர்ந்தேன். உறைகளில் வருகிற வாசகங்களை எழுதுவதும், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் வாய்தான் என் பிழைப்பு. இதைக் குத்திக்காட்டுவதில் அக்காவுக்குத் தனி சந்தோஷம். “கை நோவாம வேலை செய்யறவரு வராரு பாரு” என்பார், நான் உள்ளே நுழையும்போதெல்லாம்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்படி ஒரு ஐப்பசியில்தான் அவர் யூனிட்டுக்கு வந்தார். வந்த முதல் நாளே வம்பு. புதிதாக இறங்கிய எண்ணெய் டிரம்மில் விரலை விட்டு, தேய்த்துப் பார்த்து, “இது கெட்டுப் போச்சு, திருப்பி அனுப்பு” என்றார். மல்லிகை எசன்ஸ் ஊற்றினால் வாடை தெரியாது என்று சூப்பர்வைசர் சொன்னார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “வாசனைய நம்பாத பாய். அது கடைசியா ஊத்துறது.” டிரம் திரும்பிப் போனது. மழை விட்டபிறகும் அவரை முதலாளி உப்பளத்துக்கு விடவில்லை. அக்காவின் கை தப்பாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போது எங்கள் சோப்பு பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்தது. உறையிலும் அப்படித்தான் போட்டிருந்தோம். வாங்குகிறவர்கள் வாங்கினார்கள், ஒரு குறையும் இல்லை. முதலாளிக்குத்தான் அது போதவில்லை. பாலஸ்தீனத்தில் நாப்லுஸ் என்று ஒரு ஊர், அங்கே நூற்றாண்டுக் கணக்கில் ஆலிவ் எண்ணெயில் சோப்பு காய்ச்சுகிறார்கள் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். சென்னையிலிருந்து ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் அழைத்துப்போகிற ஒரு ஏஜென்சியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டார். அக்கா கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். நான் பேச வேண்டும், படம் எடுக்க வேண்டும். இப்போது நடக்கிற போர் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அது.

அக்கா அந்தப் பயணத்துக்கு இரண்டு சேலை, ஒரு ஜெபமாலை, ஒரு கிலோ மரக்காணம் உப்பு எடுத்துவந்தார். “சும்மா கைய வீசிட்டா போறது? நம்ம ஊர்ல என்ன இருக்குதோ அதத்தானே குடுக்கணும்” என்றார். அந்த உப்பு பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு சோதனைச் சாவடியில் துப்பாக்கி மாட்டிய ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், பொட்டலத்தைக் கத்தியால் கிழித்து மேசைமேல் கொட்டினாள். குச்சியால் கிளறினாள். அக்கா ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் போட்டுக் காட்டினார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை ஆட்டி, அள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். அக்கா ஒரு கல் விடாமல் துடைத்து எடுத்து, தன் துண்டில் முடிந்துகொண்டார். பின்னால் வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் பல மணி நேரம் நின்றவர்கள் போலிருந்தார்கள். ஒருவரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

நாப்லுஸில், கூட வந்த மற்றவர்கள் யாக்கோபின் கிணற்றைப் பார்க்கப் போயிருந்தபோது நாங்கள் இருவரும் சோப்புப் பட்டறைகளைத் தேடிப் போனோம். முதலில் பார்த்தது பூட்டிக் கிடந்தது. இரண்டாவதில் கீழே கொப்பரை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில்தான் மாடிக்கு விட்டார்கள். உயரமான வளைவுகள் உள்ள பழைய கல் கட்டடம். கீழே காய்ச்சிய சோப்பை வாளி வாளியாகத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றி, ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குத் தரை முழுவதும் ஊற்றி, மட்டம் செய்து ஆற விடுகிறார்கள். ஆறியதும் சிவப்புச் சாயம் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அதன்மேலேயே நடந்து வெட்டுகிறார்கள். வெட்டிய கட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே வட்ட வட்டமாக, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். மாதக்கணக்கில் அது அப்படியே காய வேண்டும். சோப்பு வெள்ளையாக இருந்தது. வாசனை ஒன்றும் இல்லை. அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஊத்தல பாய்” என்று என் தோளில் தட்டினார். அப்படிச் சிரித்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் செய்தது உப்பளத்துக்காரி ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நம் பக்கத்தில் உப்புப் பாத்தியின் களிமண் தரையை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். இறுகிவிட்டதா என்று பார்க்கக் குதிகாலை ஊன்றிப் பார்ப்பார்கள். அக்கா செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டு நடந்தவர், ஜன்னல் ஓரமாகப் போய், யோசனையே இல்லாமல் வலது குதிகாலை சோப்பில் ஊன்றிவிட்டார். புதைந்துவிட்டது. அழகாக, வெடிப்பு வெடிப்பாக, ஒரு குதிகால் பள்ளம்.

ஒரு ஆள் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அபூ ஹாலித் என்று பெயர், அந்த மாடியின் மேஸ்திரி, அக்கா வயதுதான். “இது கடற்கரை இல்லை என்று அவளிடம் சொல்” என்று என்னைப் பார்த்து உறுமினார். நான் சொல்வதற்குள் அக்கா எகிறினார். “அவரு கெடக்கறாரு. வெட்டப் போறாங்களே, ஓரத்துல இன்னும் ஈரம் நிக்குது, இப்ப வெட்டுனா பிஞ்சிக்கும்னு சொல்லு.” திட்டை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அபூ ஹாலித் குனிந்து கட்டைவிரலால் அமுக்கினார். இன்னொரு இடத்தில் அமுக்கினார். வெட்ட வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். “யார் இவள்?” என்றார். உப்பு எடுப்பவள் என்றேன். அவர் தன் காலுறையைக் கழற்றி, சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்த தன் குதிகாலைக் காட்டினார். அக்காவும் சேலையைச் சற்றுத் தூக்கித் தன் காலை நீட்டினார். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது.

இதுவரைக்கும் எழுத எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இனிமேல் இல்லை.

டீ கொடுத்துவிட்டு அபூ ஹாலித் அக்காவிடம் கேட்டார்: “உங்கள் ஊர் சோப்பில் என்ன எண்ணெய்?” நான் தமிழில் சொன்னேன். அக்கா யோசிக்கவே இல்லை. “பாமாயிலு. கொஞ்சம் தேங்கா எண்ணெ. எங்களுக்கு அதான் கிடைக்குது” என்றார். நான் அரபியில், “ஆலிவ் எண்ணெய். உங்களைப் போலத்தான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வெள்ளைத் தரைமுன் பாமாயில் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அபூ ஹாலித் தலையாட்டினார். “அப்படியென்றால் நாம் ஒரே தொழில்” என்று நெஞ்சில் கை வைத்தார். அக்காவும் ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்துப் பதிலுக்கு நெஞ்சில் கை வைத்தார்.

ஒரே தொழில் என்பதால் படம் எடுக்கவும் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். “படம் உங்கள் வீட்டுக்கு. கடைக்கு இல்லை. என் முகத்தை வைத்து யாரும் எதையும் விற்கக்கூடாது.” இதை மட்டும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அக்கா துண்டு முடிச்சை அவிழ்த்தார். உப்பை அவர் முன்னால் வைத்து, அதன்மேல் வலது கையை அழுத்தி, “உப்பு மேல சத்தியமா உன் மூஞ்சி கடைக்குப் போவாதுய்யா” என்றார். உப்பளத்துக்காரர்கள் அந்தச் சத்தியத்தை லேசில் செய்ய மாட்டார்கள். கணவன் மனைவி சண்டையில்கூட உப்பை இழுக்க மாட்டார்கள். அபூ ஹாலித்துக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கையைப் பார்த்து விளங்கிக்கொண்டார். தன் போன் நம்பரை என் போனில் அவரே அடித்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பினோம். முதலாளி படம் கேட்டார். கொடுத்தேன். இதற்குமேல் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டார், கொடுத்தேன்.

சில மாதங்களில் “நாப்லுஸ் முறை ஆலிவ் சோப்பு” வந்தது. உள்ளே அதே பாமாயில், அதில் பெயருக்கு ஒரு மூடி அளவு ஆலிவ் எண்ணெய். வெள்ளையாக இருந்தால் ஆலிவ் என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று பச்சைச் சாயம். மேலே எசன்ஸ். உறையில் அக்காவும் அபூ ஹாலித்தும் டீக் கோப்பையோடு. அக்கா ஊற்றுகிற கொட்டகையில் இருப்பார், உறை போடுவது வேறு கட்டடம், அவர் கண்ணில் அது படவில்லை. பச்சை எதற்கு என்று ஒருமுறை கேட்டார். வேப்பிலை சோப்பு என்று சொல்லி வைத்திருந்தோம். “சொல்லி வைத்திருந்தார்கள்” என்று எழுதத்தான் கை போகிறது. சொன்னவன் நான்.

பிறகு போர் வந்தது. இடிந்த வீடுகளையும் துணி சுற்றிய சின்னச் சின்ன உடல்களையும் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளியும் பார்த்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “ஜனங்க மனசு இப்ப அங்கதான் இருக்குது பாய். ஒரு லைன் எழுதேன்” என்றார். எழுதினேன். “ஒவ்வொரு குளியலும் பாலஸ்தீனத்துக்காக ஒரு பிரார்த்தனை.” தௌபா, அல்லாஹ் மன்னிக்கட்டும்! ஐந்து வேளை தொழுகிற கையால் எழுதினேன். எழுதிவிட்டு, வரி நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். பிள்ளைகளின் சாவில் நுரை வரவைத்து விற்றோம். பெட்டி பெட்டியாகப் போயிற்று. அங்கே யாருக்கும் எதுவும் போகவில்லை.

அக்காவுக்குத் தெரிந்த நாளை யூனிட்டில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஊற்றுகிற கொட்டகைக்குள் நுழைந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “உங்க ஊருக்கு இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல” என்றார். அக்கா பாவம், அந்த வருட மழையைச் சொல்கிறார் என்று நினைத்து, “ஆமாம்மா, பாத்தியெல்லாம் கரைஞ்சு போச்சு. எங்க போயி சொல்றது” என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். அக்காவைப் பாலஸ்தீனத்துக்காரி என்றே நம்பியிருந்த அந்த அம்மா அழுதபடியே பையிலிருந்து சோப்பை எடுத்துக் காட்டினார். உறையில் அக்காவின் முகம். பக்கத்தில் அந்த மனிதர்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். “என்ன போட்டிருக்குதுன்னு படி.” வாசித்தேன். இந்த ஒரு தடவை மாற்றாமல் வாசித்தேன். அவர் வெளியே போய்க் காறித் துப்பினார். ஒருமுறை அல்ல, வாய் வறண்டுபோகும் வரைக்கும். திரும்பி வந்து, “வேப்பிலை சோப்பா இது?” என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“அன்னிக்கு அந்தாளு எண்ணெய் என்னான்னு கேட்டாரே. நான் சொன்னத அப்படியே சொன்னியா?”

“இல்லக்கா.”

“என்னா சொன்ன?”

“ஆலிவ்னு சொன்னேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் சோப்புக் கரண்டி இருந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். “அப்ப எனக்குத் தெரியாமலே என் வாயில பொய்ய வெச்சுட்ட” என்றார். “என் சத்தியத்தையும் நாசம் பண்ணிட்டியே பாய்.”

அன்று கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. உப்பளத்துக்கே போய்விட்டார். நான் போகவில்லை. வீட்டில் பொறுப்பு இருந்தது என்று எழுத மாட்டேன். பொறுப்பு அவருக்கும்தான் இருந்தது.

பிரம்மதேசம் போகும்போதெல்லாம் வழியில் உப்பளத்தில் வண்டியை நிறுத்தி அவரைப் பார்ப்பேன். பேசாமல் இருந்துவிடுவார் என்று பயந்தேன், பேசினார். ஆனால் எதைப் பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார். “அந்த ஆளுக்குச் சொன்னியா?” சோப்பில் ஆலிவ் இல்லை, முகம் கடைக்குப் போய்விட்டது, மன்னித்துக்கொள். இவ்வளவையும் அவர் பெயரால் நான் சொல்ல வேண்டும். நம்பர் என்னிடம், பாஷை என்னிடம். “சொல்றேன்க்கா. அங்க இப்ப நிலைமை சரியில்ல. ரோடெல்லாம் அடைச்சு வெச்சிருக்கான். இந்த நேரத்துல சோப்பப் பத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?” என்பேன். எவ்வளவு அழகான சாக்கு பாருங்கள். போரை வைத்து விற்றவன், அதே போரை வைத்து ஒளிந்துகொண்டேன். அக்கா ஒருமுறை சொன்னார்: “சொல்லிட்டா அவரு நம்மள திட்டுவாரு. திட்டட்டும். திட்டு வாங்கினா செத்துட மாட்ட.” இன்னொரு முறை, வாரிக்கொண்டிருந்த உப்பைக் காட்டி, “இதத் தொடும்போதெல்லாம் உறுத்துது பாய்” என்றார். அதுதான் நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

அடக்கத்துக்கு முதலாளி வந்தார். பெரிய மாலை, கூடவே வீடியோ எடுக்க ஓர் ஆள். மாலை போடுவதை இரண்டு முறை எடுத்தார்கள், முதல் தடவை வெளிச்சம் சரியில்லையாம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சியைச் சற்று நகரச் சொன்னார்கள். அவளும் மரத்துப்போய் நகர்ந்தாள். எனக்கு அந்த மாலையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சர்ச் பக்கத்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு மேசை போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். சோப்பு. புது உறை. இந்த முறை அபூ ஹாலித் இல்லை, அக்கா மட்டும், பெரிதாக. “ஆரோக்கியம் அம்மாவின் கைப்பக்குவம்.” இனிக் கடைகளில் இதுதான் வரும் என்றார்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். உறையைக் கிழித்து எங்கே போடுவார்கள்? குளியலறை ஓரத்தில். அங்கிருந்து சாக்கடைக்கு. மரக்காணத்திலிருந்து சென்னை வரைக்கும் எத்தனை சாக்கடைகளில் இந்த முகம் அழுக்குத் தண்ணீரில் ஊறிக்கிடக்கப் போகிறது! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதலாளி மைக்கை என்னிடம் கொடுத்து, “பாய் ரெண்டு வார்த்தை உருக்கமா பேசுவாரு” என்றார். பேசினேன். “இது ஆலிவ் சோப்பு இல்லை. ஆலிவ் என்று விற்பது தெரிந்த அன்றே அக்கா வேலையை விட்டுவிட்டார். அவரையும் ஏமாற்றி, அவர் பெயரால் இன்னொருவரையும் ஏமாற்றியவன் நான்” என்று மூன்று வாக்கியம். பின்வரிசையில் ஒருவர், “ஏம்பா, சாவு வீட்டுல வந்து இதெல்லாம் எதுக்குப்பா இப்போ?” என்றார். முதலாளி என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். ரொம்ப மென்மையாக, சிரித்துக்கொண்டே வாங்கினார். “பாய்க்கு துக்கம் தாங்கல” என்று கூட்டத்துக்குச் சொன்னார். “அவங்க வீட்டுக்காரரே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு.”

எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மெல்ல எழுந்து நின்றார். “ஒரு பேப்பரு குடுத்தாங்க. நினைவா ஒண்ணு பண்றோம்னு சொன்னாங்க. போட்டேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். “எனக்கு யாரும் படிச்சுச் சொல்லலியே பாய். நீங்க எங்க போயிருந்தீங்க?”

முதலாளியைப் பற்றி ஒரு பக்கம் கழுவி ஊற்றலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் சவரிமுத்துவும் நானும் யூனிட்டுக்குப் போனோம். “எங்க வீட்டுக்காரி மூஞ்சிய எடுத்துடுங்க சார்” என்றார் அவர். உறைகள் அச்சாகிவிட்டன, தீர்ந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எனக்கு வேலை இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். ஆகவே நீங்கள் இதைப் படிக்கும்போது கடை அலமாரிகளில் அந்த முகம் இருக்கும். அது அக்கா சம்மதித்தது இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள்.

அங்கிருந்து நேரே சவரிமுத்துவின் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, அபூ ஹாலித்துக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். எண்ணெய் விஷயம், படம் விஷயம், எழுதிய வரி, எல்லாம். என் பொய் என்று சொன்னேன், அக்காவின் பொய் அல்ல என்றும் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா இறந்துபோனதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே அல்ல. வாய் பழகிய பழக்கம், கஷ்டமான இடம் வந்தால் தானாகத் தாண்டிப் போகிறது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பின்னணியில் வாளிகள் உருளும் சத்தம். “அன்றைக்கே தெரியும்” என்றார் அபூ ஹாலித். “அவள் பதிலில் நீளம் இருந்தது. உன் பதிலில் இல்லை. எங்கள் எண்ணெய் அவ்வளவு தூரம் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன்னை நான் நம்பவில்லை. அவள் கையை நம்பினேன். போனை அவளிடம் கொடு. மன்னிப்பை அவள் கேட்க வேண்டியதில்லை என்று அவளிடமே சொல்ல வேண்டும்.”

சவரிமுத்துவுக்கு அதை வரி வரியாகச் சொன்னேன். அவர் என்னிடமிருந்து போனை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துப் பேசினார். “ஐயா, நான் அவ வீட்டுக்காரன் பேசறேன். அவ செத்துட்டாய்யா. உப்பு வாரும்போதே செத்துட்டா. உங்களுக்குச் சொல்லணும் சொல்லணும்னு இருந்தா.” போனை என்னிடம் நீட்டினார். “இத அப்படியே சொல்லுங்க பாய். ஒரு வார்த்த மாத்தாதீங்க.”

சொன்னேன். மாற்றவில்லை. முதல்முறையாக அந்த வீட்டு மனிதர் ஒருவரின் வார்த்தையை அவர் சொன்னபடியே ஒருவரிடம் சேர்த்தேன், அது சாவுச் செய்தியாக இருந்தது.

ஆரோக்கியம் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய அருவருப்பு ஒன்றைத்தான். படத்தை அழித்துவிட்டேன், சோப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவருக்கு ஒரு நொடியில் வந்த குமட்டல் எனக்கு வருவதற்கு மூன்று வருடமும் ஒரு மரணமும் தேவைப்பட்டன. வந்துவிட்டது. போகாமல் இருக்க வேண்டும் என்று தொழுகையில் கேட்கிறேன்.